கூப்பனின் பின்பக்கம்: சிறுவர் இதழ்களில் தங்கிப்போன கதைகளைத் தேடித் தொகுப்பது எப்படி

பழைய சிறுவர் இதழ்களைப் புரட்டினால் ஏதாவது ஒரு பக்கத்தில் நீள்சதுரமாக ஓர் ஓட்டை கண்ணில் படும். போட்டிக் கூப்பனை யாரோ ஒரு பிள்ளை கத்தரித்து அஞ்சலட்டையில் ஒட்டி அனுப்பியிருக்கும். கூப்பனின் பின்பக்கம் என்ன இருந்தது என்பதுதான் தொகுப்பாளரின் தலைவலி. பல சமயம் அங்கேதான் ஒரு சிறுகதையின் கடைசிப் பத்துப் பதினைந்து வரிகள் இருந்திருக்கும்.

பெரியவர்களின் வார இதழ்களை வீட்டில் தொடர்கதைக்காகக் கிழித்து பைண்டு செய்து வைத்தார்கள். சிறுவர் இதழ் அப்படியல்ல. படத்துக்கு வண்ணம் தீட்டினார்கள், புள்ளிகளை இணைத்தார்கள், அட்டையைப் பாடப் புத்தகத்துக்கு உறையாகப் போட்டார்கள். அந்த இதழ் செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிட்டுப் போய்விட்டது. குழந்தை எழுத்தாளர்களின் படைப்புகளில் நூலாக வந்தவை மட்டும் கைக்குக் கிடைப்பதற்கும், இதழோடு நின்றவை மறைந்துபோனதற்கும் முதல் காரணம் இதுவே.

இரண்டாவது காரணம், இந்த எழுத்தாளர்களில் பலர் பத்திரிகையாசிரியர்களாகவும் இருந்தது. அழ. வள்ளியப்பா என்றால் பாட்டு என்றே பலருக்கும் நினைவு. ஆனால் அவர் பாலர் மலர், டமாரம், சங்கு, பூஞ்சோலை, பின்னாளில் கோகுலம் என்று பல இதழ்களில் ஆசிரியப் பொறுப்பு வகித்தவர். வாண்டுமாமா கல்கி குழுமத்தில் பணிபுரிந்தார், பிறகு பூந்தளிர் நடத்தினார். ஆர்வி, கலைமகள் குடும்பத்திலிருந்து வந்த கண்ணன் என்ற சிறுவர் இதழின் ஆசிரியர். அச்சுக்குப் போகும் நேரத்தில் இரண்டு பக்கம் காலியாக இருந்தால் அதை நிரப்புவது ஆசிரியரின் வேலை. அப்படி எழுதியதற்குச் சொந்தப் பெயர் போடுவதில்லை. ஒரே இதழில் ஒருவரின் பெயர் மூன்று இடத்தில் வந்தால் நன்றாக இருக்காது என்பதால் புனைபெயர், முதலெழுத்து, அல்லது ஒன்றுமே இல்லாமல் போகும். தொகுக்கப்படாத கதைகள் பெரும்பாலும் இந்த மூலையில்தான் கிடக்கின்றன.

வேலையைத் தொடங்குகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை, கதையைத் தேடிப் போவது. நூலகத்தின் அட்டவணையில் கதைத் தலைப்பு இருக்காது. இதழின் பெயர் இருக்கும், ஆண்டு இருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் மாதம் இருக்கும். எனவே முதலில் உருவாக வேண்டியது இதழ்ப் பதிவேடு. எழுத்தாளர் தொடர்புகொண்டிருந்த ஒவ்வோர் இதழுக்கும் ஒரு தாள். அதில் மலர் (ஆண்டுத் தொகுதி), இதழ் எண் வாரியாக ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு வரி. அந்த வரியில் மூன்றில் ஒன்று எழுதப்பட வேண்டும்: முழுமையாகப் பார்த்தது, குறையுள்ள பிரதியைப் பார்த்தது, இன்னும் பார்க்காதது. எங்கே பார்த்தது, என்று பார்த்தது, எந்தப் பக்கங்கள் இல்லை என்பதும் சேர வேண்டும். ஒரு கதையும் அகப்படாத இதழுக்கும் கட்டாயம் வரி வேண்டும். "பார்த்தேன், இவருடையது எதுவும் இல்லை" என்ற குறிப்பு இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அதே இதழ்க் கட்டை மறுபடி தூக்கிவரச் சொல்ல வேண்டியிருக்கும். நூலக உதவியாளருக்கு அது பிடிக்காது, நியாயம்தான்.

தேடும் இடங்கள் பல. சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூரில் கன்னிமாரா, மறைமலை அடிகள் நூலகத் தொகுப்பு, புதுக்கோட்டை ஞானாலயா, இணையத்தில் தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகம். கன்னிமாராவுக்கு ஒரு தனி இடம் உண்டு. 1954-ம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் போய்ச்சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று; 1956-ல் செய்த திருத்தத்தால் பத்திரிகைகளும் அதில் அடங்கின. சட்டம் அப்படி. ஒரு சின்ன அச்சகம் தன் சிறுவர் மாத இதழை மாதந்தோறும் ஒழுங்காக அனுப்பியதா என்பது வேறு கதை. எந்த ஓர் இடத்திலும் முழு வரிசை இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. ஓரிடத்தில் ஜனவரி முதல் மே வரை, இன்னோரிடத்தில் ஆகஸ்ட் மட்டும், மூன்றாவது இடத்தில் அட்டையில்லாத ஏழு இதழ்கள் என்றுதான் சேரும்.

தீபாவளி மலர்களை மறக்கவே கூடாது. அவை மலர்-இதழ் எண் வரிசைக்கு வெளியே நிற்பதால் ஆண்டுக்கட்டு பைண்டில் சேர்ந்திருக்காது. நூலகத்தில் வேறு அலமாரியில், சில சமயம் நூலாகவே பதிவாகியிருக்கும். பெரியவர்களுக்கான இதழ்களின் தீபாவளி மலரில் குழந்தைகளுக்கென்று ஒரு பகுதி ஒதுக்குவது வழக்கம். எழுத்தாளரிடம் முன்கூட்டிக் கேட்டு வாங்கி, நல்ல ஓவியரிடம் படம் போட்டு வெளியிட்ட கதைகள் அங்கே இருக்கும். வார இதழின் பாப்பா பக்கத்தைவிட மலர்க் கதைகள் தரத்தில் ஒரு படி மேலே என்பது புரட்டிப் பார்த்தால் தெரியும்.

வீட்டு பைண்டுகளும் ஒரு புதையல். தொடர்கதைக்காகக் கிழித்துத் தைத்த பக்கங்களின் மறுபக்கத்தில் வேறொருவரின் சிறுவர் கதை பாதியாக நிற்கும். தேதி இருக்காது. அத்தியாயத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். பொன்னியின் செல்வன் கல்கியில் 1950 அக்டோபர் 29 இதழில் தொடங்கியது. ஆகவே அதன் ஓர் அத்தியாயத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாப்பா கதை எந்த ஆண்டு இதழில் தேடப்பட வேண்டியது என்று சுருக்கிவிடலாம். ஒரு வாரத்துக்கு ஓர் அத்தியாயம் என்று கண்ணை மூடிக்கொண்டு பெருக்க வேண்டாம். சில வாரம் இரண்டு வரும், சில வாரம் விடுபடும். கணக்கு இதழை அடையாளம் காட்டாது, தேட வேண்டிய மாதத்தைக் காட்டும். அதுவே போதும்.

படம் பிடிப்பதில் ஒழுங்கு வேண்டும். பழைய மலிவுக் காகிதம் அமிலத்தால் பழுப்பேறி ஓரத்தில் அப்பளம்போல் நொறுங்கும். விரலில் எச்சில் தொட்டுப் புரட்டுவது, 180 பாகைக்கு விரித்து அழுத்துவது, கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டுவது மூன்றும் ஆகாது. டேப்பின் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துக் கொண்டுபோகும். இரண்டு பக்கமும் மடித்த துணியோ பஞ்சுத் தலையணையோ வைத்து, பைண்டு எவ்வளவு தானாகத் திறக்கிறதோ அவ்வளவோடு நிறுத்துங்கள். ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி உட்கார்ந்தால் போதும். ஸ்கேன் செய்ய அனுமதி கிடைத்தால் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) போதுமானது, பொடி எழுத்துக்கு 400. துருப்பிடித்த ஸ்டேப்பிள் பின்னைப் பிடுங்க வேண்டாம், அது நூலகத்தாரின் வேலை.

ஒவ்வோர் இதழிலும் முதல் படம் அட்டை, இரண்டாவது பொருளடக்கம், மூன்றாவது ஆசிரியர், அச்சிட்டவர் விவரம் இருக்கும் சிறு கட்டம். அதற்குப் பிறகுதான் கதை. அட்டை இல்லாவிட்டால் ஒரு துண்டுத் தாளில் "அட்டை இல்லை, கட்டு 3, ஐந்தாவது இதழ்" என்று எழுதி அதைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாததால் அறுபது எழுபது படங்கள் எந்த இதழைச் சேர்ந்தவை என்றே தெரியாமல் கிடக்கும் கோப்புகள் ஏராளம். கதை முடிந்ததாகத் தோன்றும் பக்கத்தின் அடியையும் பாருங்கள். "38-ம் பக்கம் பார்க்க" என்று பொடியாக இருக்கும். 12-லிருந்து 14 வரை எடுத்துவிட்டு வந்தவர்கள் இந்த ஒரு வரிக்காக மறுபடி ரயில் ஏற வேண்டியிருக்கும். முடிந்தால் கதை வந்த இதழை முழுக்கவே எடுத்துவிடுவது நல்லது. ஏன் என்பது தேதி குறிக்கும்போது தெரியும்.

பைண்டு செய்கிறவர்கள் அட்டையையும் விளம்பரத் தாள்களையும் நீக்கிவிடுவார்கள், ஓரத்தையும் செதுக்குவார்கள். தேதி அட்டையில்தான் இருந்தது. மலர் 5, இதழ் 3 என்று மட்டும் உள்ளே மிஞ்சும். மாத இதழ் ஒன்று 1950 ஜனவரியில் தொடங்கியது என்று வைத்துக்கொண்டால் அது 1954 மார்ச். அதே இதழ் மாதம் இருமுறை வருவதாக இருந்தால் 1954 பிப்ரவரி முதல் இதழ். இடையில் காகிதத் தட்டுப்பாட்டில் இரண்டு இதழ் வராமல் போயிருந்தால் கணக்கு தள்ளிப்போகும். அதனால் உள்ளே ஒரு சாட்சி வேண்டும். போட்டி விடைகள் இன்ன தேதிக்குள் வந்து சேர வேண்டும் என்ற அறிவிப்பு மிக நம்பகமானது. பொங்கல், தீபாவளி வாழ்த்து அடுத்தது.

விலையும் பேசும். அணாவில் விலை போட்டிருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தையது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அந்த மாதம் முதல் தேதிதான் தசம நாணயம் வந்தது. நாலணா 25 நயா பைசா (ந.பை.) ஆயிற்று. மாறிய புதிதில் சிலர் இரண்டையும் அச்சிட்டார்கள். "ந.பை." வெறும் "பைசா" ஆனது 1964 ஜூனில். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. "சென்னை ராஜ்யம்" என்று எங்காவது வந்தால் பொதுவாக 1969-க்கு முந்தையது. எழுத்துச் சீர்திருத்தத்தை மட்டும் தேதிக்குச் சாட்சியாக அழைக்காதீர்கள். 1978-ல் அரசாணை வந்த மறுநாளே அச்சகங்கள் பழைய ஈய எழுத்தைத் தூக்கி எறியவில்லை. ஒரே இதழில் கதை பழைய எழுத்திலும் தலைப்பு புதிய எழுத்திலும் வந்ததுண்டு.

தமிழ் ஆண்டுக் கணக்கில் தடுக்கி விழாதவர் குறைவு. ஜய வருடம் என்றால் 1954 என்று எழுதிவிடுவார்கள். ஜய 1954 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1955 ஏப்ரல் நடுவில் முடிகிறது. ஆகவே ஜய வருடத் தை இதழ் 1955-ல் வந்தது. தை, மாசி, பங்குனி மூன்றுக்கும் ஆங்கில ஆண்டில் ஒன்றைக் கூட்டிப் போட வேண்டும் (மார்கழியின் பின்பாதிக்கும்தான்). அறுபது ஆண்டுச் சுற்று என்பதால் விகாரி 1959-லும் வரும், 2019-லும் வரும். அந்தக் குழப்பம் யாருக்கும் வராது. ஒரு வருடப் பிசகுதான் வரும், வந்தால் நூலின் பின்னிணைப்பு வரை பரவிவிடும்.

இனி, கதை யாருடையது என்ற கேள்வி. புனைபெயர்கள் உறுதியாகத் தெரிந்திருந்தால் சுலபம். வி. கிருஷ்ணமூர்த்தி குழந்தைகளுக்கு வாண்டுமாமா, பெரியவர்களுக்கு கௌசிகன் என்பது எல்லோரும் அறிந்தது. பிரச்சினை, தெரியாத பெயர்களில். நடை ஒத்துப்போகிறது என்பதை மட்டும் வைத்து ஒரு கதையை ஒருவர் தலையில் கட்டக் கூடாது. ஐம்பதுகளின் சிறுவர் கதை நடை பலருக்கும் பொதுச் சொத்து. "ஒரே ஒரு ஊரிலே" என்று தொடங்கி, குறும்புக்காரன் திருந்தி, ஆசிரியர் முதுகில் தட்டிக்கொடுத்து முடியும். ஏற்கத்தக்க சான்றுகள் வேறு. அதே கதை பின்னர் அவர் பெயரில் நூலில் வந்திருப்பது. ஆண்டுப் பொருளடக்கத்தில் உண்மைப் பெயர் போட்டிருப்பது. எழுத்தாளரின் சொந்தக் கணக்குப் புத்தகமோ கடிதமோ. இதழின் பின்னாளைய நினைவுக் குறிப்பில் ஆசிரியரே சொல்லியிருப்பது. இவற்றில் ஒன்றாவது இல்லையென்றால் "இவருடையதாக இருக்கலாம்" என்ற தனிப் பட்டியலில் போடுங்கள். அந்தப் பட்டியல் நீளமாக இருப்பது குற்றமல்ல.

அம்புலிமாமா இதில் தனி வகை. 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய அந்த இதழில் கதைகளுக்குப் பெரும்பாலும் எழுதியவர் பெயரே கிடையாது. தொடர்கள் பல தெலுங்கில் எழுதப்பட்டுத் தமிழுக்கு வந்தவை. அவற்றை எழுதிய தாசரி சுப்பிரமணியத்தின் பெயர் வாசகர்களுக்குத் தெரியவந்தது வெகுகாலம் கழித்துத்தான். தமிழில் படித்ததால் தமிழ் எழுத்தாளருடையது என்ற ஊகம் இங்கே செல்லாது.

வேறு சில பொறிகளும் உண்டு. சிறுவர் இதழில் வாசகப் பிள்ளைகளும் எழுதுவார்கள். "வகுப்பு 8-ஆ" என்று பெயருக்குக் கீழே இருக்கும். பிற்காலத்தில் ஓர் எழுத்தாளர் அதே பெயரில் புகழ்பெற்றிருந்தால் அவருடைய முதல் படைப்பு கிடைத்துவிட்டது என்று குதிக்கத் தோன்றும். ஊர், பள்ளி, வயது மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டுக் குதிக்கலாம். தலைப்புக்குக் கீழே "ருஷ்ய நாடோடிக் கதை", "தழுவல்" என்று சின்ன எழுத்தில் இருக்கும் குறிப்பை எழுதிக்கொள்ளத் தவறாதீர்கள். நூலாக்கும்போது அந்த வரியைத்தான் முதலில் கழற்றுகிறார்கள். பிறகு சொந்தக் கதை என்றே ஆகிவிடுகிறது. "வானொலியாரின் இசைவுடன்" என்றிருந்தால் அது முதலில் ஒலிபரப்பானது, அச்சுப் பிரதி சுருக்கமாக இருக்கக்கூடும்.

மின்னாக்கப் பிரதிகளில் சொல் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. சீர்திருத்தத்தில் உரு மாறிய எழுத்துகள் 13: ணா, றா, னா, ணை, லை, ளை, னை, பிறகு ண, ற, ன மூன்றின் ஒகர ஓகார வரிசை. பழைய வடிவத்தில் அச்சான இவற்றில்தான் ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் மென்பொருள்) தடுமாறுகிறது. ஆகவே சிறுவர் கதைகளில் மிகவும் நடமாடும் மிருகமான யானை தேடலில் அகப்படாமல் போகலாம்; நரியும் புலியும் அகப்படும். பெயரில் அந்த எழுத்து இருந்தால் அதற்கு முன்னோ பின்னோ உள்ள துண்டை மட்டும் தேடுங்கள். ஓசிஆரில் இல்லை என்பதை வைத்து இதழில் இல்லை என்று பதிவேட்டில் எழுதிவிடக் கூடாது. பொருளடக்கத்தைக் கண்ணால் ஒருமுறை பார்ப்பதற்கு மாற்று கிடையாது.

கண்டுபிடித்ததை அச்சிடுவதற்கு முன்னால் உரிமை. இங்கே பலரும் தவறாகவே பேசுகிறார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகள். வள்ளியப்பா மறைந்தது 1989. அவர் எழுத்துக்கு 2049 முடிய உரிமை உண்டு. வாண்டுமாமா 2014; ஆகவே 2074 முடிய. எழுதியவர் யாரென்றே வெளிப்படாத கதைக்கு வெளியான ஆண்டிலிருந்து எண்ண வேண்டும். "இதழ் நின்றுபோய்விட்டது, இனி யாருடைய உரிமையும் இல்லை" என்பது தவறு. இதழில் சம்பளத்துக்கு வேலைபார்த்தவர் அந்த வேலையின் பகுதியாக எழுதியதென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், அதைப் பத்திரிகையில் வெளியிடும் உரிமை உரிமையாளருக்கு, மற்ற உரிமை எழுத்தாளருக்கு என்று 17-வது பிரிவு பிரித்துச் சொல்கிறது. நூலாக்க இசைவு பெரும்பாலும் குடும்பத்தாரிடம் கேட்க வேண்டியது என்பது இதன் பொருள். நாட்டுடைமையான எழுத்தாளர் என்றால் எழுத்துக்குத் தடையில்லை. படத்துக்கு உண்டு. ஓவியர் கோபுலுவோ செல்லமோ வரைந்த படம் அந்தக் கதையோடு இலவசமாக ஒட்டிக்கொண்டு வராது. படம் இல்லாமல் வெளியிட்டால் கதை பாதி உயிர் இழப்பதும் உண்மை, ஆகவே இரண்டு கடிதம் எழுதத் தயாராக இருங்கள்.

பிரதி எடுக்கும்போது திருத்தும் ஆசையை அடக்க வேண்டும். ஜலம், சந்தோஷம், வாத்தியார் எல்லாம் அப்படியே நிற்கட்டும். புணர்ச்சிப் பிழையும் நிற்கட்டும். தெளிவான அச்சுப்பிழையை மட்டும் திருத்தி, திருத்தியதைக் குறிப்பில் காட்டுங்கள். இன்றைக்குப் படிக்கக் கூசும் சாதிப் பேச்சோ உடற்குறைக் கேலியோ இருந்தால் ஆவணத் தொகுப்பில் நீக்கக் கூடாது. குழந்தைகள் கையில் தரும் பதிப்பில் அந்தக் கதையையே சேர்க்காமல் விடுவது நேர்மையானது. தொடர்கதையின் தவணைகளில் வரும் "முன்கதைச் சுருக்கம்" பல சமயம் உதவி ஆசிரியர் எழுதியது, அதை மூலத்தோடு கலந்துவிடாதீர்கள்.

ஓட்டைக்கு வருவோம். கூப்பன் போன இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று கதையின் போக்கை வைத்து எழுதி நிரப்பிய பதிப்புகள் உண்டு. செய்ய வேண்டியது வேறு. அதே பத்தியில் பத்து வரிகள் எவ்வளவு உயரம் என்று அளவுகோலால் அளக்க வேண்டும். பத்து வரி 4.5 செ.மீ., ஓட்டை 6 செ.மீ. என்றால் போனது சுமார் 13 வரி. பிரதியில் அந்த இடத்தில் சதுர அடைப்புக்குள் "சுமார் 13 வரிகள் இல்லை" என்று போட்டு, பதிவேட்டில் அந்த இதழைக் "குறையுள்ள பிரதி" வரிசைக்கு மாற்றி, பக்க எண்ணையும் ஓட்டையின் அளவையும் எழுதிவையுங்கள். அடுத்த நூலகத்துக்குப் போகும்போது முதலில் கேட்டு வாங்க வேண்டியது அந்த இதழ். பிள்ளைகள் எல்லோரும் போட்டியில் கலந்துகொண்டுவிடவில்லை.